நாற்பத்தேழாம் பக்கம்

ஐந்நூறு புத்தகம். ஐந்நூறிலும் ஒரு தாள் இல்லை.

சார்லஸ் ஏழாவது பிரதியையும் புரட்டிப் பார்த்துவிட்டு மேஜைமேல் போட்டான். நாற்பத்தாறாம் பக்கத்துக்கு அடுத்தது நாற்பத்தொன்பது. நடுவே, தையலை ஒட்டி, நகக்கண் அகலத்துக்கு ஒரு தாள் நறுக்கு மட்டும் மிச்சம் நின்றது.

"எங்க கணக்கு வாத்தியாரு இப்படித்தான் மேடம் எண்ணுவாரு. நாப்பத்தாறுல கண்ண மூடுவாரு. முழிக்கும்போது நாப்பத்தொம்போதுல இருப்பாரு."

அன்புக்கரசி வெட்டுப்பட்ட விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் காக்கி போட்டவள். சப் இன்ஸ்பெக்டராக இருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டாள். வருகிற வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. சார்லஸ் அதற்குமுன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். தாலி கட்டுவதைப் படம் பிடித்தவன், இப்போது கட்டலாமா வேண்டாமா என்று விசாரித்துச் சொல்கிறான். ஆட்கள் முன்னால் 'மேடம்'; தனியாக இருந்தால் 'அக்கா'.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது. பெயர் சண்முகப்ரியா. எம்.எல்.ஏ. கலியமூர்த்தியின் ஒரே மகள்.

"இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு அப்பாவோட அறுபதாவது பொறந்த நாள் விழா மேடம். ஆறு மாசமா உக்காந்து நான் எழுதுன புத்தகம். அப்பாவுக்கே தெரியாம அச்சடிச்சேன். வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு பை. உள்ள ஒரு புத்தகம், ஒரு பீங்கான் யானை. நேத்து சாயங்காலம் கையெழுத்துப் போடலாம்னு ஒரு பையப் பிரிச்சா இந்தத் தாளு இல்ல. மண்டபத்துல உக்காந்து ஐநூறையும் பிரிச்சுப் பாத்துட்டோம்."

"புத்தகத்தோட பேரு?"

"களிமண்ணிலிருந்து கோட்டைக்கு."

"நல்ல பேரு. நடுவுல ஒரு படிக்கட்டுதான் காணும்," என்றான் சார்லஸ்.

கலியமூர்த்தி ஏறிவந்த படிக்கட்டு ஊரே அறிந்ததுதான். களிமண் லாரியில் மண் அள்ளிப் போட்டவர். இருபத்தெட்டு வயதில் தொழிற்பேட்டையில் பாதி ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, வீட்டு மீட்டர் பெட்டிகளில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் செய்ய ஆரம்பித்தார். மனைவி பெயரில் அம்சவல்லி செராமிக்ஸ். ஒரு சூளை மூன்று சூளையானது. முதலாளிகள் சங்கத் தலைவர், நகராட்சித் தலைவர், பிறகு எம்.எல்.ஏ., மறுபடியும் எம்.எல்.ஏ. இந்த மாதம் மந்திரி ஆகப்போகிறார் என்று பேப்பரில் வந்திருந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் சுவரெல்லாம் ஒரே வாசகம்தான்: 'இருபது வருடம் சூளை எரித்தேன், ஒரு தொழிலாளி மேல் ஒரு கீறல் விழவில்லை.'

"யார் மேல சந்தேகம்?" அன்புக்கரசி கேட்டாள்.

"கட்சிக்குள்ளயே அப்பாவப் புடிக்காதவங்க இருக்காங்க மேடம். மந்திரின்னு பேச்சு வந்ததுலேர்ந்து..." பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"என்ன பக்கம்னு கேட்டாரு. சொன்னேன். 'விடும்மா, அப்படியே குடுத்துடு, எவன் படிக்கப் போறான்'னாரு. கோவமே வரல. கட் அவுட்ல மீசை சரியா வரலன்னா பெயிண்டர நாலு தடவ ஏறி எறங்க வைக்கிறவரு மேடம் எங்க அப்பா. அதான் எனக்கு என்னமோ மாதிரி இருக்குது."

"அப்படி என்ன பக்கம் அது?"

"ஒரு போட்டோ. நான் பொறந்த அன்னைக்கு அப்பா கம்பெனி ஆளுங்களுக்கு லட்டு குடுக்குறாரு. எங்க மாமா எடுத்தது. அம்மா பீரோவுல கெடந்துச்சு. அம்மா போன வருஷம் தவறுனதுக்கு அப்புறந்தான் சாவி என் கைக்கு வந்துச்சு. அப்பா அந்தப் படத்தப் பாத்தே இருக்க மாட்டாரு."

"ஒரிஜினல் இருக்குதா?"

"என் டிராயர்ல வச்சிருந்தேன். காலைல பாத்தா காணும்."

சார்லஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்புக்கரசி மட்டும் அதே குரலில், "பையெல்லாம் எப்படி மூடியிருந்துச்சு?" என்றாள்.

"ஸ்டேப்ளர் அடிச்சிருந்துச்சு. யாரும் பிரிச்ச தடம் இல்ல."

"யானையப் பிரிச்சீங்களா?"

"அத எதுக்கு மேடம் பிரிக்கணும்? அது டேப் ஒட்டுன பெட்டியில இருக்குது."

*

மங்கலம்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் ஜபருல்லா பாய், சுடச்சுட மசால் வடை தின்றுகொண்டிருந்தார். நாற்பத்தேழாம் பக்கம் என்றதும் கை பாதியில் நின்றது.

"அது எங்கிட்ட இல்லீங்கம்மா. கம்ப்யூட்டர்லேர்ந்து அழிச்சாச்சு. போட்டோவையும்தான்."

"யாரு அழிக்கச் சொன்னது?"

"நேத்து எட்டு மணிக்கு பாவாடை போன் பண்ணாரு. எம்.எல்.ஏ. வூட்டுல எல்லாம் அவருதானே. அந்தக் காலத்துல கம்பெனிக்கு போர்மேனா இருந்தவரு. 'ஐயா உத்தரவு'ன்னாரு. நமக்கெதுக்கும்மா பெரிய எடத்துப் பொல்லாப்பு?"

சார்லஸின் கண் பாயின் முகத்தில் இல்லை, வடையில் இருந்தது. வடைக்கு அடியில் விரித்திருந்த பெரிய தாளில், எண்ணெய் ஊறிய இடத்தில், தலைகீழாக ஒரு எண் தெரிந்தது.

"பாய், வடையக் கொஞ்சம் அந்தாண்ட நகத்துங்க."

"பசிக்குதா தம்பி?"

"எனக்குப் பசியில்ல. மேடத்துக்குத்தான் அந்தத் தட்டு மேல ஆசை."

அச்சு ஓட்டத் தொடங்குமுன் மை சரியாக விழுகிறதா என்று பார்க்கப் போட்ட கழிவுத்தாள் அது. எட்டுப் பக்கங்கள் ஒரே தாளில். அதில் ஒன்று நாற்பத்தேழு. எண்ணெய் பட்டதில் படம் கொஞ்சம் கருத்துப்போயிருந்தாலும் முகங்கள் தெளிவாக இருந்தன. கையில் இனிப்புப் பெட்டியோடு இளவயதுக் கலியமூர்த்தி. சூளை வாசலில் வரிசையாகத் தொழிலாளிகள். ஒருவன் லட்டை அப்போதுதான் வாயில் போட்டிருந்தான், கன்னம் உப்பியிருந்தது. படத்துக்குக் கீழே சண்முகப்ரியா எழுதியிருந்தாள்:

'2002 ஜூன் 14, காலை பத்து மணி. நான் பிறந்த செய்தி கேட்டு அப்பா இனிப்பு வழங்குகிறார். அன்று மாலையே இரண்டாம் நம்பர் சூளை இடிந்து விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. நான் பிறந்த அதிர்ஷ்டம் என்று அப்பா இன்றும் சொல்வார்.'

அதற்கும் கீழே, இடமிருந்து வலமாகப் பெயர்கள்.

"இதுல என்ன மேடம் இருக்குது? லட்டுதான் இருக்குது," என்றான் சார்லஸ்.

அன்புக்கரசி விரலால் முகங்களை எண்ணினாள். பிறகு பெயர்களை. மறுபடி முகங்களை.

"முதலாளிய விட்டுட்டு எண்ணு. மூஞ்சி பன்னெண்டு. பேரு பதினொண்ணு."

மூன்றாம் பெயருக்கு அடுத்து ஒரு கோடு மட்டும். நாலாவதாக நின்றவனுக்குப் பெயர் இல்லை. வாயில் லட்டு வைத்திருந்தவன் அவன்தான்.

அங்கிருந்தே சண்முகப்ரியாவுக்குப் போன் போட்டாள். பெயர்களைச் சொன்னது யார் என்று கேட்டாள். "பாவாடை மாமா சொன்னாரு மேடம். நாலாவது ஆளு மட்டும் ஞாபகம் இல்லன்னாரு" என்று பதில் வந்தது.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். எதிர்ப்பக்கத்து மளிகைக் கடை ஓரமாக ஒரு வெள்ளை பொலேரோ நின்றது. இவர்கள் வரும்போது அது அங்கே இல்லை.

*

"வேலை முடிஞ்சிருச்சுக்கா," என்றான் சார்லஸ், ஆம்னி வேனை விருத்தாசலம் ரோட்டில் விரட்டிக்கொண்டே. கண்ணாடியில் பொலேரோ பின்னாலேயே வந்தது. "வெட்டுனது எம்.எல்.ஏ.தான். படத்துல என்னமோ வில்லங்கம் இருக்குது. வெட்டிட்டாரு, ஒரிஜினல எடுத்துட்டாரு, பிரஸ்லயும் அழிக்கச் சொல்லிட்டாரு. இதக் கண்டுபுடிக்க நாம எதுக்கு? எங்க தெரு இஸ்திரிக்காரரு போதும்."

"இஸ்திரிக்காரரு ஒரு கேள்வி கேட்டிருப்பாரு. பையில ஸ்டேப்ளர் அடிச்சது எப்ப?"

"திங்கக்கிழமன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"பிரிச்ச தடம் இல்ல. அப்ப தாள வெட்டுனது திங்கக்கிழமைக்குள்ள. பிரஸ்ஸுக்குப் போன் வந்தது எப்ப?"

"நேத்து. செவ்வாய்க்கிழமை."

"மகள் சொன்ன பிறகுதான் கலியமூர்த்திக்கு அப்படி ஒரு படம் இருக்கறதே தெரியும். வெட்டுனது ஒரு ஆளு. அழிக்கச் சொன்னது வேற ஆளு." அவள் மடியிலிருந்த தாளைத் தட்டினாள். "இன்னொண்ணு சொல்லு. ஒரு பக்கத்த மறைக்கணும்னு நெனைக்கிறவன் ஐநூறு புத்தகத்த ஒவ்வொண்ணா விரிச்சு, ஒவ்வொரு தாளா வெட்டிக்கிட்டு உக்காந்திருப்பானா?"

"மாட்டான். ஒரு தீக்குச்சி போதும்."

"அப்ப, வெட்டுன ஆளுக்கு மறைக்கறது நோக்கம் இல்ல."

பின்னே வேறென்ன என்று சார்லஸ் கேட்பதற்குள் ரயில்வே கேட் மூடிவிட்டது. வண்டியை நிறுத்தினான். பொலேரோ ஓசையில்லாமல் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை.

"நான் பாவாடைங்க. ஐயா சொல்லச் சொன்னாரு. வேலை முடிஞ்சிருச்சாம். நீங்க வூட்டுக்குப் போவலாமாம்."

"எனக்கு வேலை குடுத்தது ஐயா இல்லீங்களே, அவரு பொண்ணு."

"அது சின்னப் புள்ள. வெவரம் பத்தாது."

"உங்களுக்கு வெவரம் தெரியும் இல்ல? நாலாவது ஆளு யாருங்க?"

சரக்கு ரயில் ஒன்று தடதடவென்று கடந்தது. அது போய்ச்சேர்வதற்குள் பாவாடை கண்ணாடியை ஏற்றிவிட்டான். கேட் தூக்கினார்கள். பொலேரோ முன்னே போகாமல், வந்த வழியே திரும்பிப் போனது.

"பதில் தெரிஞ்சவன்தான் இப்படித் திரும்புவான்," என்றாள் அன்புக்கரசி. "பிரஸ்லேர்ந்து புத்தகம் எங்க போச்சாம்?"

"எம்.எல்.ஏ.வோட பொம்மைப் பட்டறைக்கு. அங்க வச்சுத்தான் யானையையும் புத்தகத்தையும் பையில போட்டிருக்காங்க."

"வண்டிய அங்க வுடு."

*

பொம்மைப் பட்டறையின் பேக்கிங் அறையில் ஒரே ஒரு பெண் இருந்தாள். மற்ற பெண்களெல்லாம் விழாவுக்குப் பந்தி பரிமாறப் போய்விட்டிருந்தார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையகலப் பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். ஐம்பதை எட்டிய வயது. கழுத்தில் ஒரு மாதா சுரூபம்.

சார்லஸுக்கு அவளைத் தெரியும். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போகிறவள். மதலேனா. மாதா கோயில் பங்கில் யாரும் அவளை அந்தப் பெயரால் சொல்வதில்லை. 'ஓடிப்போனவன் பொண்டாட்டி' என்றால்தான் தெரியும். சார்லஸும் அப்படிச் சொல்லியிருக்கிறான்.

அன்புக்கரசி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். மூலையில் பொம்மை சுற்றுவதற்காக வாங்கிய பழைய பேப்பர்க் கட்டு, கட்டிய சணல் அவிழாமல் ஆளுயரத்துக்கு நின்றது. அதைச் சற்று அதிக நேரம் பார்த்தாள். பிறகு மதலேனாவின் எதிரே உட்கார்ந்து, எண்ணெய்த் தாளை விரித்து, நாலாவது ஆளின்மேல் விரலை வைத்தாள்.

மதலேனா உடனே நிமிரவில்லை. பொம்மையின் இரண்டாவது கண்ணையும் எழுதி முடித்தாள். தூரிகையைத் துடைத்து வைத்தாள்.

"இது மேலதான் வடை வச்சுத் தின்னாங்களா?" என்றாள்.

சார்லஸுக்கு முகம் சுட்டது.

"யாரும்மா இவரு?"

"எங்க வூட்டுக்காரரு. அந்தோணிமுத்து. சூளையில வேல. அன்னைக்குக் காலைல சோறு கட்டிக்கிட்டுப் போனவரு, வரல. ஊரெல்லாம் தேடிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மொதலாளிய வரச்சொன்னாங்க. பாவாடை ரிஜிஸ்டரத் தூக்கிக்கிட்டு வந்து காட்டுனாரு. பத்தாம் தேதியிலேர்ந்து அஞ்சு நாளா வேலைக்கே வரலன்னு இருந்துச்சு. 'உன் புருஷன் தெனம் சோத்து மூட்டையோட எங்கம்மா போனான்'னு ஏட்டு கேட்டு சிரிச்சாரு. அன்னைலேர்ந்து ஊருல அந்தப் பேச்சுதான். எவ கூடவோ ஓடிட்டாரு."

"கூட வேல பாத்தவங்க பதினோரு பேரு இருந்தாங்களே."

"கேட்டேன். ஞாபகம் இல்லன்னாங்க. கம்பெனிய மூடிட்டா அவங்களுக்கும் சோறு இல்லியே." அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். முள்மரங்கள் மண்டிய பழைய ஷெட் ஒன்று தூரத்தில் தெரிந்தது. "இடிஞ்ச சூளைக்கு மறுநாளே சொவரு வச்சு அடைச்சாங்க. பழைய கம்பெனி எடத்தையெல்லாம் மொதலாளி வித்துட்டாரு. அத மட்டும் விக்கல. அந்தச் சூளையப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும்மா. ஆனா ரிஜிஸ்டர் இருக்குதே, என்ன பண்றது? ஞாயித்துக்கெழம புத்தகம் வந்து எறங்குச்சு. சும்மா பொரட்டுனேன். லட்டத் தின்னுக்கிட்டு நிக்கிறாரு. கீழ தேதி போட்டிருக்குது. அந்தப் புள்ளையே எழுதியிருக்குது. அன்னைக்கு ராத்திரி பூரா இங்க ஒத்தையா உக்காந்து வெட்டுனேன்."

"ஒரு புத்தகத்த எடுத்துக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாமே?"

"ஒண்ண எடுத்துக்கிட்டுப் போனா அந்த ஒண்ணு காணாமப் போயிடும். எனக்குத் தெரியாதா?"

"சரி, எதுக்கு வெட்டுனீங்க? புத்தகத்துலயே இருந்தா பாப்பாங்கல்ல?" சார்லஸ் கேட்டான்.

மதலேனா அவனைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தாள். "எம்.எல்.ஏ. புத்தகத்த எவன் தம்பி பொரட்டிப் பாப்பான்? இருக்கற பக்கத்த ஒருத்தனும் படிக்க மாட்டான். இல்லாத பக்கத்தத்தான் தேடுவான்."

"தேடுனா கெடைக்கணுமே. வெட்டுன தாளு எங்க?"

மதலேனா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே கால்.

அன்புக்கரசி மூலையைக் காட்டினாள். "சார்லஸ், இங்கேயிருந்து ஐநூறு யானை போயிருக்குது. பீங்கான் யானை. பேப்பர் சுத்தாம பெட்டியில போட்டா தும்பிக்கை தங்குமா? ஆனா அந்தப் பேப்பர் கட்ட இன்னும் பிரிக்கவே இல்ல பாரு."

சார்லஸ் கட்டைப் பார்த்தான். மதலேனாவைப் பார்த்தான்.

"மாதாவே!" என்றான். "ஐநூறு யானையும் நாப்பத்தேழாம் பக்கத்தப் போத்திக்கிட்டு மண்டபத்துல நிக்குதா?"

*

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாதீங்கக்கா," என்று வழியெல்லாம் கெஞ்சினான் அவன். "பெத்த அப்பன். சொன்னா பையெல்லாம் பின்பக்கமா லாரியில ஏறிடும். அரை மணி நேரம் வாய மூடிக்கிட்டு இருந்தா போதும், தானா வெடிக்கும்."

"வெடிக்கும். அவ கேட்ட கேள்விக்கு பதில் ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பிறகு அவளுக்குத் தெரியணுமா? அவதான் நம்மளத் தேடி வந்தா. அவளுக்குத்தான் மொதல்ல."

மண்டபத்தில் நாதஸ்வரம் ஓய்ந்து மைக் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. முன்வரிசைகளில் கட்சிக்காரர்கள், அதற்குப் பின்னால், மகளின் ஏற்பாட்டில் அழைத்துவந்த பழைய தொழிலாளிகள். மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் சண்முகப்ரியா பட்டுப் புடவையில் நின்றிருந்தாள். அன்புக்கரசி நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் ஒரு பையை இழுத்து, பெட்டியின் டேப்பைக் கிழித்து, யானையை எடுத்தாள். சுற்றியிருந்த தாளை மேஜைமேல் வைத்து நீவினாள். முகங்களை எண்ணினாள். அவள் உதடு அசைவதை சார்லஸ் பார்த்தான். பன்னிரண்டு.

அதற்குள் கதவு திறந்தது. கலியமூர்த்தி. பின்னால் பாவாடை.

"என்னம்மா இங்க நிக்கிற? மேடைக்கு வா. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க." அன்புக்கரசியைப் பார்த்துக் கை கூப்பினார். சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சிரிப்பை சார்லஸ் சுவரொட்டியில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். பக்கத்தில் பார்க்கையில் அதே அளவில்தான் இருந்தது.

சண்முகப்ரியா தாளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "நாலாவது ஆளு யாருப்பா?"

"எந்த நாலாவது ஆளு? அந்தோணிமுத்துவா? இவங்க சொன்னாங்களா? அவன் அன்னைக்கு வேலைக்கே வரலம்மா. அஞ்சு நாளா வரல. ரிஜிஸ்டர்லயே இருக்குது."

அவள் தாளை முன்னால் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வராத ஆளு வாயில எப்படிப்பா என் லட்டு?"

கலியமூர்த்தி படத்தைப் பார்த்தார். முதல்முறையாக இப்போதுதான் பார்க்கிறார் என்பது தெரிந்தது; டிராயரிலிருந்து எடுத்ததைப் பாவாடை அவரிடம் காட்டவே இல்லை போலிருக்கிறது. சிரிப்பு ஒரு பக்கமாக இறங்கியது. பாவாடை கதவைச் சாத்தினான்.

"கேளும்மா. அன்னைக்கு நீ ஆஸ்பத்திரியில பொறந்து கெடக்குற. கரண்டு ஆபீசுக்கு அனுப்ப வேண்டிய லோடு. சூடு ஆறல, நாலு மணிக்கே அவன உள்ள அனுப்புனேன். சூளையோட மேல்கூரை விழுந்துருச்சு. வெளிய தெரிஞ்சா கம்பெனிய மூடுவாங்க, நாப்பது குடும்பம் தெருவுக்கு வரும். உனக்குன்னு நெனச்சுத்தான்..."

"அதுல என்னய சேக்காதீங்க." அவள் குரல் உடையவில்லை. "விழுந்தப்ப அவரு உயிரோட இருந்தாரா?"

"அவ்ளோ சூட்டுல எப்படிம்மா இருந்திருப்பான்?"

"உள்ள போய்ப் பாத்தீங்களா?"

வெளியே மைக்கில் யாரோ 'ஹலோ, ஒன்று, இரண்டு' என்றார்கள். கலியமூர்த்தி பாவாடையைப் பார்த்தார். பாவாடை தரையைப் பார்த்தான்.

அவள் அப்பாவைத் தாண்டி நடந்தாள். பாவாடை கதவை மறித்தான். "வழிய விடுங்க மாமா" என்றாள். என்ன நினைத்தானோ, விலகினான். தொண்டர்கள் பைகளோடு மேடையோரம் காத்திருந்தார்கள். இந்த இடத்தில் அவள் வேண்டாம் என்று தலையசைத்தால் போதும்.

"குடுங்க," என்றாள் சண்முகப்ரியா. "எல்லாருக்கும் குடுங்க." பிறகு மைக்கைப் பிடித்தாள். "யானையப் பிரிச்சுப் பாருங்க. சுத்தியிருக்கற காகிதத்தத் தூக்கிப் போட்டுடாதீங்க. படிங்க."

மண்டபம் முழுக்கக் காகிதம் கசங்கும் சத்தம் எழுந்தது. ஒன்றும் புரியாமல் சிலர் யானையைத் தட்டிப் பார்த்தார்கள். பழைய தொழிலாளிகள் வரிசையில்தான் முதலில் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிழவர் எழுந்தார். படத்தில் முதல் ஆளாக நின்ற கொளஞ்சிநாதன். தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அந்தோணிமுத்து அன்னைக்கு வந்திருந்தான்," என்றார். மைக் இல்லை, ஆனாலும் கேட்டது. "நான்தான் அவன் கையில ரெண்டாவது லட்டக் குடுத்தேன். எல்லாருக்கும் தெரியும். எங்க பதினோரு பேருக்கும் தெரியும்."

மண்டபத்தின் பின்வாசல் வழியாகக் கலியமூர்த்தியின் கார் கிளம்பிப் போனபோது அதைப் பார்க்க யாரும் திரும்பவில்லை.

*

வெள்ளிக்கிழமை, அதிகாரிகள் முன்னிலையில் இரண்டாம் நம்பர் சூளையின் சுவரை இடித்தார்கள். உள்ளே கிடைத்தது கொஞ்சம்தான். மதலேனாவுக்கு அது போதுமாக இருந்தது. ஒரு பித்தளைச் சிலுவை, மூடி கழன்ற ஒரு தூக்குவாளி. தூக்குவாளியைப் பார்த்ததும்தான் அவள் உட்கார்ந்தாள். சண்முகப்ரியா காலையிலிருந்து வெயிலில் அங்கேயே நின்றாள். யாரும் அவளிடம் பேசவில்லை. மாலையில் போலீசுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தனியாக ஆட்டோவில் போனாள். கலியமூர்த்தியையும் பாவாடையையும் அன்றே கைது செய்தார்கள். கட்சி இரண்டு வரியில் அறிக்கை விட்டது. சுவர் வாசகத்தின்மேல் யாரோ சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

அடக்கம் முடிந்த பிறகு கல்லறைத் தோட்டத்து வாசலில் மதலேனா அவர்களைத் தேடி வந்தாள். பங்குக்காரர்கள் ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். சார்லஸின் முறை வந்தது.

"மன்னிச்சுக்குங்க," என்றான். "நானும் அந்தப் பேரு சொல்லித்தான் உங்கள..."

"நீ என்ன தம்பி, நானே நம்புனேன்." அவள் அன்புக்கரசி பக்கம் திரும்பினாள். "அம்மா, எனக்காக ஒரு ஆளக் கண்டுபுடிச்சுத் தரணும். வேல்விழின்னு பேரு. அப்ப சூளையில மண்ணு சலிச்சா. இவரு அவ கூடத்தான் பழகுனாருன்னு நாலு பேரு சொன்னாங்க. ஒரு வருஷம் பொறுத்தேன். அப்புறம் ஒரு நாளு அவ வூட்டு வாசல்ல போய் நின்னு, தெருவே கேக்கக் கத்துனேன். தலை முடியப் புடிச்சு இழுத்தேன். இல்லக்கா, இல்லக்கான்னு அழுதா. அவளுக்குப் பேசி வச்சிருந்த மாப்பிள்ள வூட்டுக்காரங்க வேணாம்னுட்டாங்க. அந்த மாசமே குடும்பத்தோட ஊர விட்டே போயிட்டா."

"எங்க போனாங்கன்னு தெரியுமா?" அன்புக்கரசி பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"திட்டக்குடி பக்கம்னு சொன்னாங்க. அதுக்கு மேல தெரியாது. கண்டுபுடிச்சா என்னயும் கூட்டிக்கிட்டுப் போங்க. அந்தத் தெருவுலயும் நாலு பேரு கேக்கற மாதிரி சொல்லணும்."

அன்புக்கரசி பெயரை எழுதினாள். சார்லஸ் ஆம்னியின் பின்கதவைத் திறந்து, இருக்கையிலிருந்த கேமரா பையை எடுத்துத் தரையில் வைத்து, இடம் பண்ணினான்.

"அப்புறம் எதுக்குங்கம்மா?" என்றான். "இப்பவே ஏறுங்க. இருட்டறதுக்குள்ள திட்டக்குடி போயிடலாம்."